டீச்சருக்கு அரைத்த பொடி

மசாலாப் பொடியை மொத்தமாக அரைத்து வைப்பது தவறு, சார். பதினைந்து நாளுக்கு மேல் போனால் வாசனை செத்துவிடும். மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், எள் எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். மிளகு சேர்ந்தால்தான் மஞ்சளின் சத்து உடம்பில் ஒட்டும். சீரகம் செரிமானத்துக்கு. இதெல்லாம் தெரிந்து செய்கிறவள் நான்.

தம்பியை ஐந்து வயதிலிருந்து வளர்த்தது நான்தான். அவன் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். வந்த முதல் வாரமே, "தப்பா நினைக்காதீங்க அண்ணி. எள் துளி உள்ள போனாலும் எனக்கு மூச்சு அடைச்சிடும். எனக்கு மட்டும் தனியா பொடி அரைச்சுக்கறேன்" என்றாள்.

மூன்று வருடம் ஒரே அடுப்பில் இரண்டு சமையல். நான் சமைத்ததை அவள் வாயில் வைத்ததில்லை. போன மாதம் தம்பியும் சொல்லிவிட்டான்: "அக்கா, இனிமே எனக்கும் அவ பொடியே போதும். வீட்டுல எள்ளே வேணாம்."

"சரிப்பா" என்றேன். சண்டை போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எள்ளில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது! அதைத் தின்று யாராவது சாவார்களா? சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி முடிவெட்டப் போயிருந்தான். அவள் பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு என் பொடியை நிரப்பினேன். எள் வாசனை தெரியாமலிருக்க மிளகைச் சற்றுத் தூக்கலாகப் போட்டிருந்தேன்.

அவள் உருளைக்கிழங்கை வறுத்து அதைத் தூவினாள். "இன்னைக்கு என்னமோ நல்லா அமைஞ்சிருக்கு அண்ணி" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பிறகு உதடு வீங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஊசி... என் பை..." என்றாள். அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்த ஊசி அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அந்தப் பையைக் காலையிலேயே என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஊசி கைக்கெட்டினால் உடனே போட்டுக்கொள்வாள். அப்புறம் உண்மை எப்படித் தெரியும்? சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவளை மடியில் சாய்த்து, "ஒண்ணுமில்லம்மா, மெதுவா மூச்சு விடு" என்று நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஆம்புலன்சுக்குத் தம்பிதான் வந்து போன் செய்தான்.

அவள் பொய் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும். எத்தனை நாளைக்கு, சார்? இனி அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?