கடைசி வரியில் தன் பெயரை எழுதியவர்

இந்த நினைவேந்தல் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், நம் நிறுவனத்தை நிறுவிய பெருமதிப்பிற்குரிய சந்திரகாந்த் காமத் அவர்களே! முன்வரிசையில் இல்கல் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டு அமர்ந்திருக்கும் அன்னையே, பெற்ற மகளை எண்பத்து நான்கு வயதில் பறிகொடுத்த பார்வதவ்வா அவர்களே! தார்வாடிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கும் உற்றாரே, உறவினரே! கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் சிக்பேட்டை வணிகப் பெருமக்களே! உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் நிற்கும் இளந்தாய்மார்களே! உங்கள் அனைவர் முன்னும் நளினாக்ஷி ஆகிய நான் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கைச் சற்று உயர்த்துங்கள் தம்பி. சரி.

நீலாம்பிகா ஹிரேமட் யார்? தார்வாடில் வணிகவியல் படித்து, இருபத்து மூன்று வயதில் நம் நிதித்துறையில் ஒரு மூலை மேசையில் அமர்ந்தவர். எண்ணைக் கண்டால் எழுத்தாய்ப் படிப்பார், எழுத்தைக் கண்டால் எடை போட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் மார்க்கெட்டிங் துறைக்கு வந்தது எப்படி?

சிக்பேட்டையில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு நம் பில் போடும் மென்பொருளை விற்கப் போயிருந்தார்கள். நம் ஆட்கள் மூவர், நாற்பது படம் காட்டினார்கள். முதலாளி கொட்டாவி விட்டார். விலை சொல்வதற்காக மட்டும் உடன் போயிருந்த நீலாம்பிகா வாய் திறந்தார்.

"அண்ணா, ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குவீங்க?"

"ஒன்பதரைக்கும்மா. ஆனா கணக்கு முடிஞ்சு கிளம்ப பதினொண்ணு ஆயிடும். என் பொண்டாட்டி என்னை ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பார்க்கிறா."

"இதை வாங்குங்க, ஒன்பதே முக்காலுக்கு வீட்டுல இருப்பீங்க. இல்லன்னா உங்க வீட்டம்மா என்னைத் திட்டட்டும்."

அந்த முதலாளி இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள்! திட்டு வாங்கிக் கொடுத்தீர்களா ஐயா? இல்லையாம்! 'ஒன்பதே முக்காலுக்கு வீடு' என்ற அந்த ஒரு வரியை மாநிலம் முழுக்கச் சுவரில் எழுதினோம். அடுத்த ஆண்டே மார்க்கெட்டிங் துறை அவர் கைக்கு வந்தது.

பெரியோர்களே, புகழ்ந்துவிட்டு இறங்குவதற்காக நான் இந்த மேடை ஏறவில்லை. புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது, பொய் அறவே பிடிக்காது. ஆகவே அவர் செய்த பிழையையும் சொல்லப் போகிறேன். அவ்வா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரம் படுத்துக் கிடந்த ஓர் ஆண்டில், அவர் நிதித்துறையில் இருந்தபோது, ஒரு விதியை எழுதினார். ஒவ்வொரு மார்ச் மாதமும், ஒவ்வொரு குழுத்தலைவரும் தன்னையும் சேர்த்துத் தன் குழுவின் பத்துப் பேரை வரிசைப்படுத்த வேண்டும். கடைசி வரியில் ஒரு பெயர் கட்டாயம் வர வேண்டும். ஒருமுறை வந்தால் மூன்றாண்டுக்குப் பதவி உயர்வு இல்லை. அடுத்தடுத்து இருமுறை வந்தால் வேலையே இல்லை. பத்துப் பேரும் பாடுபட்டு உழைத்தால்? அப்போதும் ஒருவர் கடைசி! பத்துப் பேரும் மலையைப் புரட்டினால்? அப்போதும் ஒருவர் கடைசி! ஊர்ப்பட்ட நிறுவனங்களில் இதுதான் வழக்கம் என்றார்கள். வழக்கம் என்றால் வாய் மூடிக்கொள்வது நம் வழக்கம்.

அந்தக் கடைசி வரியில் யார் பெயர் விழும்? சண்டை போட ஆள் இல்லாத நாற்காலியின் பெயர் விழும். தாயாகப் போனவளின் நாற்காலி ஆறு மாதம் காலியாகத்தானே இருக்கும்? ஏழு ஆண்டுகளில் பதினேழு பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் பெண்கள்.

பதினெட்டாவது ஆளாக, மார்க்கெட்டிங்கில் அவர் குழுவிலேயே இருந்த நான் போயிருக்க வேண்டும். கருவுற்றுப் படுக்கையில் கிடந்த ஆண்டு என் பெயர் கடைசி வரியில் வந்தது. பிள்ளை பெற்றுத் திரும்பிய ஆண்டு, நீலாம்பிகா அம்மையாரின் கையெழுத்திலேயே, மறுபடியும் வந்தது. என் கணவரின் ஆலை மூடிக் கிடந்த நேரம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அவர் அறைக்குள் போனேன்.

"மேடம், பிள்ளை பெத்தது குத்தமா?"

"யாரையாவது எழுதணுமே, நளினா. மத்தவங்க எல்லாரும் இங்க இருந்தாங்க. நீ இல்ல."

"இப்படி ஒரு விதியை எவன் எழுதினான் மேடம்? அவன் வீட்டுல பொண்ணுங்களே கிடையாதா?"

அவர் அந்த வரிசைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எவனும் எழுதல. நான்தான் எழுதினேன்" என்றார்.

பேனாவை எடுத்தார். என் பெயரை அடித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். நான் பதறிவிட்டேன், "ஐயோ மேடம், வேண்டாம்" என்றேன். "பத்துப் பேர்ல நானும் ஒருத்திதானே? போ, பிள்ளைக்குப் பசிக்கும்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மாதத்தில் தலைவர் அவர்கள் தன் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற முடிவு செய்தார். அந்த நாற்காலிக்கு நீலாம்பிகாவைத் தவிர யார் இருந்தார்கள்? ஆனால் கடைசி வரியில் பெயர் வந்தவருக்குப் பதவி உயர்வு இல்லை அல்லவா? தலைவர் அவர்களே, உங்கள் அறையில் நடந்ததைச் சொல்லலாமா? தலையசைக்கிறார். நன்றி ஐயா.

"நீலா, அந்த ஒரு வரியை அழிச்சிட்டு வேற தாள் குடு. நாற்காலி உன்னோடது."

"அழிச்சா அங்க யார் பேரை எழுதறது சார்?"

"யார் பேராவது எழுதும்மா."

"யார் பேராவதுன்னுதான் சார் பதினேழு பேரை எழுதினோம்."

"சரி, விடு. உனக்கு மட்டும் விதியைத் தளர்த்தறேன்."

"எல்லாருக்கும் எடுத்துடுங்க. அப்புறம் நாற்காலியைப் பத்திப் பேசலாம்."

தலைவர் அன்று எடுக்கவில்லை. நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது ஆண்டு உழைப்பின் உச்சியை அவர் ஒரு பேனாக் கோட்டில் விட்டுக்கொடுத்தார்! வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. "ஆசைப்பட்டேன் நளினா, ரொம்ப ஆசைப்பட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் வாய்விட்டே சொன்னார். மறு மார்ச்சில் நான்கு குழுத்தலைவர்கள் தங்கள் பெயரையே கடைசி வரியில் எழுதினார்கள். அதற்கடுத்த மார்ச்சில் ஒன்பது பேர். அதன் பிறகுதான் அந்த விதி செத்தது. அவரோ அந்த முதல் மார்ச்சுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார்.

ஓய்வுக்குப் பின் என்ன செய்தார் தெரியுமா? அவ்வா நேற்றுச் சொல்லித்தான் எனக்கே தெரியும். தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு பதினேழு வீடுகளையும் தேடிப் போயிருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "அந்த விதியை எழுதினவ நான்தான். தப்பு என்னோடது." ஹுப்பள்ளியில் ஒரு பெண், "இப்ப வந்து சொன்னா போன வருஷங்களெல்லாம் திரும்பி வருமாக்கா?" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். சாத்திய கதவின் முன்னும் நின்று சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாராம். பதினேழாவது வீட்டுக்குப் போய் வந்த மறுவாரம் படுக்கையில் விழுந்தார். பிறகு எழவில்லை.

அவையோரே! அந்தப் பதினேழு பேரில் பதினோரு பேர் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. வாசலில் பெயர் எழுதும் நோட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், சற்றே எழுந்து நிற்பீர்களா?

அதோ தூணருகே ஒருவர். நடுவில் இருவர். கதவோரம் ஒரு குடும்பமே எழுந்து நிற்கிறது. தலைவரும் எழுந்துவிட்டார்.

அவ்வா, திரும்பிப் பாருங்கள். உங்கள் மகளால் வேலை இழந்தவர்கள் இவர்கள். உங்கள் மகளுக்காக வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வந்த பதினோரு பேருக்கும் என் வணக்கம். வராத ஆறு பேருக்கும், அவர்களுடைய ஆறாத கோபத்துக்கும் என் வணக்கம்.