இருபத்துநாலில் ஒரு பங்கு பீட்டில்

போலீஸ் ஸ்டேஷன் டீயில் இவ்வளவு இஞ்சி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, மேடம். எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று பிறகு சொல்லுங்கள். இப்போது எழுதுகிறவரைப் பேனாவை எடுக்கச் சொல்லலாம். நான் நிதானமாகத்தான் பேசுவேன், அடித்துத் திருத்துகிற வேலை அவருக்கு வராது.

பெயர் தமிழ்வேந்தன். கள்ளக்குறிச்சியில் புளி, கடுக்காய் மண்டி. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை இறங்கும், நாங்கள் வாங்கி உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிற லாரிகளில் ஏற்றிவிடுவோம். தாத்தா காலத்துத் தொழில். எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குப் பேசி முடித்த பிறகுதான் பெயரைப் பற்றி யோசிப்போம். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு அப்பா நாதஸ்வரக்காரரிடம் போய், பேசியதற்கு மேல் இன்னொரு ராகம் வாசிக்க வைத்துவிட்டுத்தான் பந்திக்கு உட்கார்ந்தார். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேரம் எங்களுக்கு என்னவென்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். சாப்பாடு மாதிரி என்று சொல்லமாட்டேன். சாப்பாடு இல்லாமல் ஒரு நாள் இருந்திருக்கிறேன்.

மண்டி வேலை மத்தியானத்தோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கில் கார் செய்வேன். பொம்மை என்று மட்டும் எழுத வேண்டாம். பழைய கார்களின் பாகங்கள் பெட்டியில் வரும். ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குகிற மாதிரி இருக்கும். நறுக்கி, பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கொஞ்சம் உருக்கி, இரண்டு பாகத்தையும் ஒரே பாகமாக்கிவிடும். பிறகு பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. பெட்டியில் வந்ததை மட்டும் ஒட்டிவிட்டு நிற்கிறவர்கள் உண்டு. நான் அதோடு விடமாட்டேன். சீட்டின் தையல், என்ஜினுக்குள் போகிற ஒயர், அடியில் ஓடுகிற பைப்பு, நம்பர் பிளேட்டில் பெயின்ட் உரிந்த இடம் வரைக்கும் என் கையால் சேர்ப்பேன்.

மூங்கில்துறைப்பட்டில் ஆதிமூலம் என்ற கரும்பு விவசாயியிடம் ஒரு பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் இருந்தது. வெளிர் நீலம். ஊரில் ஆமை கார் என்பார்கள். ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் வரிசையாக நிற்கும் ரோட்டில் அது வந்தால், டிரைவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி விடுவார்கள். அதை எனக்கு விற்கும்படி கேட்டேன். நயமாகக் கேட்டேன். அலட்சியமாகக் கேட்டேன். வண்டியில் ஆயிரம் குறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வேண்டாம் என்று எழுந்து நடந்தேன். எழுந்து நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடாத மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆதிமூலம் கூப்பிடவில்லை. வெற்றிலை மென்றபடி டாட்டா காட்டினார்.

அப்படியானால் அளவாவது எடுத்துக்கொள்கிறேன், அதே மாதிரி ஒன்று செய்து வைத்துக்கொள்கிறேன் என்றேன். இந்தப் பேச்சு நடந்தது பச்சமுத்துவின் எடைமேடையில். பச்சமுத்து லாரி எடை போடுகிறவர், அவர் சொன்ன எடையை அந்தப் பக்கம் யாரும் மறுத்ததில்லை. அவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஆதிமூலம் சொன்னார்.

"இன்னா மண்டிக்காரரே, அச்சு அசலா என் வண்டி மாதிரியே செஞ்சிடுங்க. ஒரு தப்பு இல்லன்னா அத என்கிட்ட குடுத்துட்டு இத நீங்க ஓட்டிக்கினு போங்க. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க, அப்புறம் ஆயுசுக்கும் நீங்க எதுக்கும் பேரம் பேசக் கூடாது. கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதுகு மட்டும் நனைந்துவிட்டது.

ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த வண்டிக்கு அடியில்தான் படுத்துக் கிடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வருஷம் வேறில்லை. ஆதிமூலத்தின் மனைவி அம்சவள்ளி பெருங்காயம் போட்ட மோர் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைப்பார். ஆதிமூலம் குனிந்து, "உள்ள தூங்கிட்டீங்களா, அளவு எடுக்கறீங்களா?" என்று கேட்பார். கிண்டல் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனால் நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

வேலை முடிந்தது. நீலம் சரியாக வருவதற்கு மட்டும் எத்தனை தடவை கலந்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அடிப்பாகம் தெரிவதற்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தேன். தீர்ப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று பேச்சு. மெக்கானிக் அய்யப்பனின் ஷெட்டில் நிஜ வண்டியைத் தூக்கி நிறுத்தி, பச்சமுத்து இரண்டையும் பாகம் பாகமாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பேசி முடித்த சரக்குக்கு மூட்டை வாயில் அரக்கு வைப்பது எங்கள் மண்டி வழக்கம். அதன் பிறகு விற்றவனும் தொடக்கூடாது, வாங்கினவனும் தொடக்கூடாது. இதையும் அப்படியே செய்யலாம் என்று சொன்னவன் நான்தான். பெட்டிக்கு அரக்கு வைத்தோம், ஆதிமூலமும் நானும் முத்திரை பதித்தோம், பெட்டி பச்சமுத்துவின் அலமாரிக்குப் போனது.

மறுநாள் மேஜையைச் சுத்தம் செய்தேன். தேய்ப்புத் தாளுக்கு அடியில் பல்லி வால் மாதிரி ஒரு சின்னக் கம்பி கிடந்தது. சரியான வளைவு, சரியான நிறம், ஒட்டுவதற்குத் தயாராக. இடது பின் சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற பைப்பு அது.

அன்று மண்டிக்குப் போனேன். ஒரு மலைக்காரர் கடுக்காய்க்கு விலை சொன்னார். நான் பாதியில் ஆரம்பித்தேன். பேசப்பேச, இந்தச் சுகம் இனி இல்லை என்று தோன்றியது. ஐம்பது வயதில் ஒரு மனிதன் கடையில் போய் நின்று, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரனுக்கே என்மேல் பரிதாபம் வந்துவிடும்.

பிறகு அமைதியாக யோசித்தேன். பந்தயம் என்ன? இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெட்டியைத் தொட முடியாது, அது நேர்மை இல்லை. ஆனால் வண்டிக்கு யாரும் அரக்கு வைக்கவில்லை.

ஆதிமூலம் கரும்பு வெட்டு உத்தரவு விஷயமாகச் சர்க்கரை ஆலைக்குப் போயிருந்த நேரத்தில் போனேன். நான் அடியில் படுத்திருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் வராது. அம்சவள்ளி மோரோடு வந்து, "அதான் பெட்டிக்குள்ள போயிடுச்சே, இன்னும் இன்னாங்க பாக்கறீங்க?" என்றார். வண்டியை விட்டுப் பிரிய மனசு வரவில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பைப்பை வெட்டி எடுத்தேன். மிச்சம் இருந்த முனையை மடித்துத் தட்டி, இரண்டு டியூப் கலந்து பூசுகிற பசையால் மூடி, மேலே பழைய கறுப்பும் கொஞ்சம் மண்ணும் சேர்த்தேன். பார்த்தால் அங்கே பைப்பு என்று ஒன்று பிறந்ததே இல்லை என்று சொல்வீர்கள். மிச்சம் மூன்று சக்கரத்தில் பிரேக் இருக்கிறது. ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே ரோடு தட்டை. ஞாயிறு வரை மூன்று சக்கரம் தாராளம். வெளியே வந்து மோரைக் குடித்தேன். அன்று பெருங்காயம் கொஞ்சம் கம்மி.

வெள்ளிக்கிழமை காலையில் ஆதிமூலம் போன் செய்தார். வண்டியை எடுத்துக்கொண்டு மலைமேல் வெள்ளிமலைக்கு ஒரு நடை போகலாம் என்று இருக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்.

வயிறு சரியில்லை என்றேன்.

நீங்கள் நடுவில் ஒன்று கேட்டீர்கள், மேடம், அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். சொன்னால் பந்தயம் போய்விடும். ஆனால் நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. அம்சவள்ளி அம்மாவுக்கு மலை வளைவுகளில் தலை சுற்றுமே, அவரை எதற்கு அலைக்கழிக்கிறீர்கள், நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். கொஞ்சம் வற்புறுத்தியே சொன்னேன். அவரும் கேட்டார். அம்சவள்ளி இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான். இதை ஒருவர்கூட எழுதிக்கொள்ளவில்லை. இப்போது எழுதுகிறாரா? நல்லது.

ஏறும்போது எதுவும் நடக்காது என்று எனக்குத் தெரியும். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்த வேண்டும். அந்த மாதிரி பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் போவது ஒரே டப்பாவிலிருந்து. ஒரு முனை விட்டுக்கொண்டால் டப்பாவே காலியாகும், அப்புறம் மூன்று சக்கரம் என்ற கணக்கும் கிடையாது. அந்த டப்பாவையும் நான் செய்திருந்தேன், மூடியோடு. கைபிரேக் கம்பி இற்றுப்போயிருந்தது, அதையும் பார்த்து இற்ற மாதிரியே செய்திருந்தேன். அருவியைத் தாண்டி இறங்குகிற வளைவில் வண்டி நேராகப் போய்விட்டது என்று சாயந்திரம் பச்சமுத்து போனில் அழுதார்.

மண்டியை மூடிவிட்டு உடனே கிளம்பினேன். பெரிய மாலையாக வாங்கினேன். பூக்காரி ஆயம்மாள் சொன்ன விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன். பந்தயம் இன்னும் முடியவில்லையே.

காரியம் முடிகிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு. அதன் பிறகு ஒருநாள் போய், அம்சவள்ளியிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். பெட்டி அரக்கு கலையாமல் இருக்கிறது, பேச்சு பேச்சாக நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் சொன்னார்.

"பைப்பு ஒண்ண நீங்க வுட்டுட்டீங்கன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும்ங்க. அரக்கு வெக்கறப்பவே கீழ இருக்கற கண்ணாடில பாத்துட்டாரு. வருஷம் பூரா மண்ணுல பொரண்டு செஞ்சிருக்கான், ஜெயிச்சிட்டுப் போவட்டும், நீ வாயத் தொறக்காதன்னாரு. குடுக்கறதுக்கு முன்னால ஒரு தபா மலை ஏறிட்டு வந்துடறேன்னுதான் அன்னிக்குப் போனாரு." பிறகு, "அந்த வண்டிய நீங்களே எடுத்துக்கினு போங்க. எனக்கு எதுவும் வாணாம்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது, மேடம். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. என்னவென்று யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். நாம் கேட்ட விலைக்கு எதிராளி முதல் வார்த்தையிலேயே தலையாட்டினால் இப்படித்தான் இருக்கும். ஏமாந்துவிட்டோம் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. குறையைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தது ஆதிமூலம். அன்றே சுட்டிக்காட்டியிருந்தால் நான் அந்தப் பைப்பின் பக்கம் போயிருக்கவே மாட்டேன். ஆகவே நடந்ததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சரிபாதி என்று நான் ஆரம்பிக்கிறேன். நீங்கள் குறைத்துக் கேளுங்கள்.

இன்று நானாக வந்ததற்குக் காரணம் அய்யப்பன். பைப்பு விபத்தில் அறுந்ததல்ல, முன்பே வெட்டியது என்று வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதிவிட்டாராம், நீங்கள் அந்த மெக்கானிக்கைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவன் பிள்ளைகுட்டிக்காரன். அதோடு, அவன் வேலையை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஒரு முனையை மடித்தால் கோணலாகத்தான் இருக்கும். அவ்வளவு சுத்தமாக மடித்தது அவன் என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால் எனக்குப் பொறுக்காது. மடித்தது நான். அவர் மலையிலிருந்து இறங்குவார் என்று தெரிந்துகொண்டே போய்விட்டு வாருங்கள் என்று சொன்னதும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

அம்சவள்ளி வண்டியைச் சும்மா கொடுத்தால் நான் எடுக்கமாட்டேன். ஜெயித்து எடுத்தால்தான் எனக்கு மரியாதை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நசுங்கிக் கிடக்கிற அதை, கோர்ட் வேலை முடிந்ததும் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, பச்சமுத்துவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். நீலம் நான் கலந்து தருகிறேன். கண்ணாடி, விளக்கு, கதவு எல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும். அந்த இடது பின் சக்கரத்து பைப்பை மட்டும் யாரும் மாட்டிவிட வேண்டாம்.