மூடியில எழுதி ஒட்டணும்

...அதான் கேக்கறேன், முப்பத்தொரு வருஷமா என் கையால காப்பி குடிச்சவ, என் வீட்டுக்குள்ளயே கைய வெப்பாளா? வெச்சுட்டாளே! உள்ள வாம்மா யாதிரா, வாசல்லயே நிக்காத. காலைத் தொடச்சுக்கோ... அந்தப் பழைய துண்டுல இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கே அதுல. அது வெளிச் சாம்பலுக்கு, இது உள்சாம்பலுக்கு. ராத்திரியெல்லாம் நம்ம எரிமலைக் கெழவன் டான் கோயோ இருமிக்கிட்டே இருந்தான்ல, மொட்டை மாடி பூரா சாம்பல். உங்க சொனோரா பக்கம் வெயில் மட்டும்தானாமே. இங்க பியூப்லாவுல வெயிலும் உண்டு, சாம்பலும் உண்டு, போதாததுக்கு நாத்தனாரும் உண்டு.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுல குடில்ல வெக்கற பாலன் யேசுவோட சட்டை இருக்கு. பாத்தியா? வெள்ளைப் பட்டு. நானே தெச்சேன். செருப்பு பாரு, என் கட்டைவிரல் அளவுதான், ஆனா வார் வெச்சு, பித்தளைக் கொக்கி வெச்சு... சட்டை இருக்கு, செருப்பு இருக்கு, தலைக்குக் கிரீடம் இருக்கு. போட்டுக்கறதுக்குப் பாலனைத்தான் காணோம்! இன்னிக்கு பெப்ரவரி ரெண்டு. நாலு மணிக்குப் பூசை. ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளையும் அவங்கவங்க வீட்டுக் குழந்தை யேசுவுக்குப் புதுச் சட்டை போட்டு, கூடையில வெச்சு, மந்திரிக்கத் தூக்கிட்டு வருவா. நான் மட்டும் காலிக் கூடையோட போய் நிக்கணும். ஃபாதர் எதுமேல தண்ணி தெளிப்பாரு? என் மூஞ்சி மேலயா?

என்ன, என்ன சொல்ல வந்த? இரு, சொல்லி முடிச்சுடறேன்.

அந்தப் பாலன் சாதாரணப் பாலன் இல்லம்மா. கண்ணாடிக் கண்ணு. இடது கையில சுண்டுவிரல் இருக்காது. என் மாமியார் சாகறப்போ பக்கத்துல சொந்த மக ஒப்தூலியா நின்னுட்டிருக்கா, அவளை விட்டுட்டு "ஓர்தென்சியா, நீ வெச்சுக்க"ன்னு என் கையில குடுத்துட்டுக் கண்ண மூடினாங்க. ஏன் எனக்குக் குடுத்தாங்க? ஏன்னா என் வீட்டுல வெச்சது வெச்ச எடத்துல இருக்கும்! ஒப்தூலியா வீட்டுல சீப்பு சக்கரை டப்பாவுல கெடக்கும். அன்னிலேர்ந்து வருஷா வருஷம் பாலனை நான் தூக்கிட்டுப் போவேன், அவ பக்கத்துல மெழுகுவர்த்தியப் பிடிச்சுட்டு வருவா. ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா பார்ப்பா. என் கையவே பாத்துட்டு வருவா.

உனக்கு ஒண்ணு தெரியுமா, இந்த ஊர்ல குடில்ல இருந்து பாலனைத் திருடறது தப்பே கெடையாது. விளையாட்டு. எவளாவது நைசா எடுத்துட்டுப் போவா. நாள் நெருங்கறப்போ "நான்தான் திருடி"ன்னு திருப்பிக் கொண்டாந்து, திருடினவளே எல்லாருக்கும் விருந்து வெக்கணும். அதான் வழக்கம். அதனால மொத மூணு நாள் நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். யாரோ நல்லா ஆக்கிப் போடப் போறான்னு சாக்லேட் கூட வாங்கி வெச்சேன். ஒருத்தியும் வரல. அப்புறம்தான் உறைச்சுது. பத்து நாளைக்கு முன்னால வியாழக்கிழமை, நீ குடி வந்தியே அன்னிக்கு சாயங்காலம் காப்பி குடிக்க வந்தது யாரு? ஒப்தூலியா! மறுநாள் காலையில குடில் காலி. வைக்கோல் மட்டும் கெடக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆங், இந்த நாத்தம் உனக்கும் அடிக்குதா? மூக்கச் சுளிக்கறியே. ஒரு வாரமா இப்படித்தான். நானும் கிண்ணத்துல சோடா உப்பு வெச்சேன், காப்பித்தூள் வெச்சேன், எலுமிச்சம்பழத்துல கிராம்பு குத்தி வெச்சேன், அசையல. எம் புருஷன் நிக்கனோரோட ஷூவைத் தூக்கி மாடியில போட்டேன். அந்த மனுஷன் மூணு நாளா ரப்பர் செருப்போட வேலைக்குப் போறாரு, அப்பவும் நாத்தம் போகல. சாக்கடையாத்தான் இருக்கும். குழாய்க்காரன் வந்து பாத்துட்டு "சாக்கடை சுத்தமா இருக்கும்மா, நாத்தம் அலமாரி பக்கம் வருது"ன்னான். அலமாரியில என்னடா நாறும், கிறிஸ்துமஸ் சாமான்தான் இருக்குன்னு அனுப்பிட்டேன்.

வீடுன்னா எப்படி இருக்கணும்னு வா காட்டறேன். வந்ததுலேர்ந்து நீயும் மூட்டை பிரிக்காமதான் கெடக்கியாமே. இந்தா பாரு, இழுப்பறை. துணியை அடுக்கக் கூடாது, சுருட்டி நிக்க வெக்கணும். தொறந்தா நூலகம் மாதிரி தெரியணும். இது பழைய காலுறை, இதுக்குள்ள கடைப் பையெல்லாம் திணிச்சுடு, கீழ ஒரு ஓட்டை, இழுத்தா ஒண்ணொண்ணா வரும். முட்டை அட்டையில பாரு, காதுத்தோடு, பித்தான், நிக்கனோரோட மாத்திரை. ஒரு தடவை பித்தானை முழுங்கிட்டாரு, அது வேற கதை. அடுப்புக்குக் கீழ ஓவன் இருக்குல்ல, அதுக்குள்ள வாணலியெல்லாம். யாரும்மா தினம் கேக் சுடறா?

இதெல்லாம் ஃபோன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். ஒரு பொண்ணு வருவா, பல்லு முத்து மாதிரி இருக்கும், அவ வீட்டுல தூசியே கெடையாது. அவ ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லுவா. ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல முடியற வேலைய அப்புறம்னு விடக் கூடாது. கையில எடுத்த பொருளுக்கு உடனே ஒரு எடம் குடுத்துடணும். கீழ வெச்சா போச்சு! ரெண்டாவது, எல்லாத்தையும் ஒரே மாதிரி டப்பாவுல போட்டு, பேரு எழுதி ஒட்டிடணும். அவ கண்ணாடி டப்பா வெச்சிருக்கா. நமக்கு எதுக்கு? நாலு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இருக்கே! இருபத்தாறு சேத்திருக்கேன். ஒரே நெறம், ஒரே அளவு. பேரு மூடியில. டப்பாவுல ஒட்டினா கழுவும்போது போயிடும், மூடின்னா ஒரு தொடை தொடைச்சா போதும். வியாழக்கிழமை காலையில அத்தனை மூடியையும் ஒண்ணா ஊறப்போட்டு, ஒண்ணா கழுவி, ஒண்ணா காய வெப்பேன். பத்து நிமிஷம். எவ செய்வா?

அட, நீயும் என் டப்பாவத்தான் வெச்சிருக்க! மோலே குழம்பு குடுத்து விட்டேனே அதுவா? நல்லாருந்துச்சா? எள்ளு கொஞ்சம் தூக்கலா இருந்திருக்கும். ஐய, கனக்குதே. காலி டப்பா திருப்பக் கூடாதுன்னு நீயா ஏதோ செஞ்சு கொண்டாந்திருக்க, வடக்கத்திக்காரின்னாலும் பழக்கம் தெரியுது. குடு இப்படி. பாத்தியா, கையில எடுத்தாச்சு, உடனே எடம்... ஃப்ரீசர்ல வெச்சாச்சு. ஒரு நொடி வேலை.

ஏம்மா பதற? உருகற சாமானா? அப்போ ஃப்ரீசர்தான் சரி.

எங்க விட்டேன்? ஆங், நேத்து. நீயும்தான் தொர்த்தியா ரொட்டிக் கடை வரிசையில நின்ன. ஏதோ சொல்ல வாயெடுத்த, நான்தான் "பொறும்மா"ன்னேன், அப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுட்டிருந்துச்சு. ஒப்தூலியா வந்து நிக்கறா, சோளத் தோல் கட்டோட. மூவரசர் ரொட்டியை ஜனவரியில வெட்டினப்போ உள்ள வெச்சுச் சுட்ட பொம்மை அவ துண்டுலதான் வந்துச்சு, அதனால இன்னிக்குத் தோல்ல மாவு சுத்தி அவிக்கற தமாலே அவ செலவு. "ஓர்தென்சியா, எத்தனை பேரு வராங்க, அறுபது தமாலே போதுமா?"ன்னு கேக்கறா! ஒண்ணுமே நடக்காத மாதிரி! நான் கேட்டேன், இருபது பேரு முன்னால கேட்டேன், "திருடின கையால பிசைஞ்ச மாவு என் தொண்டைக்குள்ள எறங்காது"ன்னு. வரிசையே திரும்பிப் பாக்குது. அவ தோல் கட்டைக் கீழ வெச்சா. "உன் தமாலேய நீயே தின்னுக்க"ன்னு கூடச் சொல்லல. கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா.

திருடி ஏன் அழணும்? அதைத்தான் நேத்துலேர்ந்து யோசிக்கறேன். நிக்கனோர் என்ன சொன்னாரு தெரியுமா? முப்பத்தொரு வருஷத்துல "சரி"ன்னு மட்டுமே சொன்ன மனுஷன், "எதுக்கும் டப்பாவுல ஒரு தடவை பாரேன்"னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! என் டப்பாவப் பத்தி எங்கிட்டயே...

எங்க போற? ஃப்ரிட்ஜை ஏம்மா தொறக்கற? பசிக்குதா? தட்டுல ரொட்டி இருக்கு பாரு... அட, இப்பதான் வெச்சேன், மறுபடி எடுக்கறியே! எடுத்த பொருளை எடுத்த எடத்துல... சரி சரி, தொறந்து காட்டு, என்னதான் செஞ்சிருக்க...

...

...

மாதாவே.

யாதிரா... இது... சுண்டுவிரல்... விரல் இல்லியே. கண்ணாடிக் கண்ணு. கன்னமெல்லாம் சில்லுனு... ஐயோ ராசா, ஃப்ரீசர்லயா போட்டேன் உன்ன! இந்தப் பட்டைப் போத்து, சட்டை, சட்டைய எடு!

நீ... நீ எப்படி... மோலேன்னு நான் குடுத்த டப்பாவுலயா? மூடியக் காட்டு. கண்ணாடி எங்க என் கண்ணாடி... "மோலே." என் எழுத்துதான். வியாழக்கிழமை. இரு... இரு. காலையில மூடியெல்லாம் கழுவிக் காயப்போட்டேன். செருப்பு அளவெடுக்கப் பாலனைக் குடில்லேர்ந்து எடுத்தேன். கீழ காஸ் வண்டிக்காரன் கத்தினான். கையில எடுத்த பொருள்... கீழ வெச்சா போச்சுன்னு... பஞ்சு போட்டு டப்பாவுல படுக்க வெச்சு, கைக்குக் கெடச்ச மூடிய அமுக்கிட்டு ஓடினேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. சாயங்காலம் மூடியப் படிச்சுப் படிச்சு அடுக்கினேன், உள்ள என்னன்னு ஒண்ணையாவது தொறந்தேனா? மோலேன்னு இருந்ததை உங்கிட்டக் குடுத்தேன். அப்போ மோலேயும் கோழியும் போட்ட டப்பா... அதுமேல எந்த மூடி...

கிறிஸ்துமஸ்.

அலமாரி! பத்து நாளா அலமாரியில! ஐயோ, தொறக்காத, தொறக்காத, சன்னலைத் தொற மொதல்ல. பாவம் நிக்கனோர், ஷூ போச்சே அந்த மனுஷனுக்கு.

நீ சூடுகீடு பண்ணிடலியே இதை? இல்லியா? என்ன செஞ்ச அப்புறம்? ...மெழுகுவர்த்தியா? பத்து நாளும்? புதுசா குடி வர்றவங்களுக்குக் குழந்தை யேசுவைக் குடுத்து வரவேக்கறது இந்த ஊரு வழக்கம்னு நெனச்சியா! மவளே... மூட்டை பிரிக்காத வீட்டுல இதுக்கு மட்டும் எடம் பண்ணியிருக்க. நேத்து வரிசையில கேட்டதும்தான் புரிஞ்சுதாக்கும். அதைத்தான் சொல்ல வந்தியாக்கும். நான் பொறும்மா பொறும்மான்னு...

ஒப்தூலியா.

எனக்கு வயித்துல குழந்தை நிக்காம ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ என் தலைய வாரி விட்டவ அவ. அவளைப் போய் இருபது பேரு முன்னால... இந்த வாயில அந்தச் சோளத் தோல் கட்டையே வெச்சு அடைச்சிருக்கணும்.

யாதிரா, ஒரு வழி இருக்கு. சுலபமான வழி, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நீ திருடினேன்னு சொல்லிடேன்! வழக்கம்தானே, யாரும் தப்பா நெனைக்க மாட்டா. புதுப் பொண்ணு, ஆசையில எடுத்துட்டான்னு சிரிப்பா. விருந்து சாமானெல்லாம் நான் வாங்கித் தரேன், உம் பேர்ல நானே ஆக்கறேன், நீ சும்மா... ஏம்மா அப்படிப் பாக்கற? ஒரு பொய்தானே... அட, பேசாமப் போறியே! யாதிரா! பாலனை என் கையில திணிச்சுட்டு எங்க போற? கதவை இப்படி அகலமாத் தொறந்து போட்டுட்டு...

அதோ ஒப்தூலியா, அவ வாசல்ல சாம்பல் கூட்டிட்டு இருக்கா. இங்கதான் பாக்கறா. ஐயோ, என் கையத்தான் பாக்கறா, எப்பவும் போல.

...சரி. நேத்து தெருவே கேக்கத்தானே பேசின? இன்னிக்கும் கத்துடி ஓர்தென்சியா.

ஒப்தூலியா! ஏ ஒப்தூலியா! தொடப்பத்தைப் போடு! பாலன் கெடைச்சாச்சு! திருடி யாருன்னா கேக்கற? நான்தான்டி! என் வீட்டுப் பாலனை நானே திருடிட்டேன்! டப்பாவுல போட்டு மூடி, நானே ஊருக்குத் தானம் பண்ணிட்டேன்! என்ன பாக்கறீங்க எல்லாரும், நல்லாக் கேட்டுக்குங்க, நேத்து வரிசையில நின்னவங்க முக்கியமா! ஒப்தூலியா, வழக்கம்னா வழக்கம்தான், திருடினவதான் விருந்து வெக்கணும். அறுபது தமாலேயும் என் செலவு, நீ ஒரு தோலையும் தொடாத, கைய வீசிட்டு வா! நாலு மணிக்குப் பூசை, பாலனை இந்தத் தடவை நீதான் தூக்கற, நான் மெழுகுவர்த்தி பிடிக்கறேன்! ...அழாதடி, அழுதுட்டே தூக்கினா சட்டை நனையும், பட்டு அது! வா சீக்கிரம்!

வர்றப்போ மட்டும் மூக்கப் பொத்திக்கிட்டு வா!