கழுதை செத்துப்போன இதழ்

இல்லை மேடம், பேச்சை எழுதியிருக்கும் பலூனிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. புதிதாகப் படக்கதை படிப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். எழுத்தைப் படித்துவிட்டு, படத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். முதலில் பக்கத்தை முழுதாகப் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல. பிறகு படங்களை மட்டும். எழுத்து கடைசியில்தான். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு கட்டத்தில் ஒருவன் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இன்னொருவன் தரையில் கிடக்கிறான். அடித்ததை யாரும் வரையவில்லை. அடித்தது நீங்கள்தான்.

வாக்குமூலம் கேட்டீர்கள், நான் பாடம் நடத்துகிறேன். தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் அந்த இதழை மடக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மடக்கியிருப்பது தெரிகிறதே தவிர, படங்கள் எனக்கு இங்கிருந்து சாம்பல் நிறத் திட்டுகள்தான். உள்ளே அனுப்புமுன் பெல்ட்டையும் கண்ணாடியையும் வாங்கி வைப்பது விதி என்று வாசலில் இருந்த காவலர் சொன்னார். விதி என்றால் சரி.

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். குளியலறைக்கு எது வழுக்காது, சமையலறைக்கு எது கறை பிடிக்காது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். படக்கதை விமர்சனம் எழுதுவது வீட்டுக்கு வந்த பிறகு. ரசிகர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் இணைய இதழ் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பத்தி, பூதத்துக்கும் ஒரு பத்தி.

பூதம் என்றால் நீங்கள் ‘இறந்தவர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அவன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கை. படக்கதையில் ஒவ்வொரு கோடும் எப்படி வளைகிறது என்று பார்ப்பதற்காகப் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவான். வாத்தியார் வைத்த பெயர் பூதக்கண்ணாடி, நாங்கள் சுருக்கியது பூதம். பெரியவனாகி வரைபட அலுவலகத்தில் வேலைக்குப் போனான். அப்புறம் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு மழைக்காலத்தில் முழுவதுமாகப் போய்விட்டது. வேலையும் போனது. பேசிவைத்திருந்த பெண் வீட்டார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவனும் அவன் தங்கச்சியும் மட்டும் அந்தப் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார்கள். “எல்லாம் போகட்டும் மாப்ள, தபால்காரன் என்ன ஆனான்னு மட்டும் சொல்லு” என்று என்னிடம் கேட்டான். அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

உங்கள் கையில் இருப்பது ‘எல்லைத் தபால்காரன்’. நாங்கள் சின்ன வயதிலிருந்து படிக்கும் தொடர். எங்கோ தூர தேசத்துக் கதை, மொழிபெயர்ப்பு. சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒருவன் கடிதம் சுமந்துகொண்டு மலையேறுகிறான், கூடவே பெயரில்லாத ஒரு கழுதை. அவ்வளவுதான் கதை. பல இதழ்களில் ஒன்றுமே நடக்காது. மாதம் ஒன்று வரும். நாங்கள் இருவரும் கடைக்குப் போய் ஆளுக்கொன்று வாங்குவோம். அவனுக்கு எதற்குத் தனிப் பிரதி என்று கேட்காதீர்கள், மை வாசனைக்கு என்பான். அவன் வீட்டுக்கு வந்துதான் பிரிப்போம். முன்னாலேயே நான் மட்டும் பார்த்துவிடக் கூடாது. நான் கட்டம் கட்டமாகச் சொல்லுவேன், அவன் கேட்பான். பிறகு அவன் விமர்சனத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன்.

கண் போன பிறகு அவன் எழுத்துக்குத்தான் வாசகர்கள் கூடினார்கள். “பார்வை இல்லாதவர் பார்த்த அளவுக்கு நாம் பார்க்கவில்லையே” என்று எழுதுவார்கள். என் பத்திக்குக் கீழே ஒரே கருத்துதான் வரும்: “நன்றி நண்பரே.” எனக்குப் பொறாமை என்று தங்கச்சி சொல்லியிருப்பாள். இல்லை. அவன் பார்த்தது எல்லாம் என் வாயில் இருந்து போனது என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு காக்காயைச் சேர்த்தேன். ஒரு பக்கத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை, சொல்வதற்கு வாய் கூசியது. “மூலையில் சின்னதாக ஒரு காக்கா” என்றேன். அவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். விமர்சனத்தில் அந்தக் காக்காயைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதினான். தனிமையைக் காட்ட இன்னொரு உயிரைக் காட்டியாக வேண்டும் என்றெல்லாம். வாசகர்கள் காக்காயைத் தேடினார்கள். இரண்டு பேர் கண்டுபிடித்தே விட்டார்கள். அச்சில் விழுந்த மைப்பொட்டு அது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு ஜன்னலில் விளக்கு. தூரத்தில் ஒரு பெண். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். அவனுக்கு வேறு எதுவும் இல்லை. நல்ல கதையாகக் கொடுத்தேன்.

இதற்கு முந்தைய இதழில் தபால்காரன் ஒரு பாலத்தருகே காத்திருக்கிறான். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை காத்திருக்கிறான். நான் இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு என் கதையைச் சொன்னேன். பாலம் அறுகிறது. கழுதை பள்ளத்தில் விழுகிறது. தபால்காரன் இறங்கிப் போய் அதன் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், கடிதங்களை ஒவ்வொன்றாக எரித்துக் குளிர்காய்கிறான். ஆயுளில் நான் செய்த ஒரே படைப்பு அது.

“எழுதிக்கோ” என்றான் பூதம். நான் தட்டினேன். “இந்த இதழில் ஓவியரின் கை தளர்ந்துவிட்டது. சொல்ல ஒன்றும் இல்லாத ஒருவர், எதையும் விட்டுவைக்காமல் சொல்லியிருக்கிறார். கழுதை சாகும் என்பது இரண்டு பக்கம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அழ வேண்டியது வாசகன். இங்கே நமக்காக அவரே அழுது முடித்துவிடுகிறார்.” இந்த வரிகளை என் விரலாலேயே தட்டினேன், மேடம். ஒரு பிழை இல்லை.

அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். அனுப்பினேன். கழுதை உயிரோடுதான் இருக்கிறது என்பது படித்த எல்லாருக்கும் தெரியும். இந்த முறை யாரும் மைப்பொட்டைத் தேடவில்லை. “இந்த இதழை ஐயா எந்தக் கடையில் வாங்கினார், எங்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்” என்று ஒருவன் ஆரம்பித்தான். செத்த கழுதைக்கு மாலை போட்டுப் படம் போட்டார்கள். கண் போனதோடு மூளையும் போய்விட்டதா என்று, ஏதோ அக்கறை போல, ஒருவன் கேட்டான். நான் எதையும் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. “என்ன சொல்றாங்க?” என்று கேட்டான். “நன்றி நண்பரே” என்றேன்.

தங்கச்சிதான் படித்துக் காட்டியிருக்கிறாள். அது மட்டுமல்ல, அவனுடைய பிரதியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பாலத்தருகே தபால்காரன் காத்திருப்பதை முதலிலிருந்து கடைசி வரை சொல்லியிருக்கிறாள். அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். படக்கதை பற்றி ஒன்றும் தெரியாது. “அண்ணா, இதுல ஒண்ணுமே இல்ல, சும்மா நிக்கிறான்” என்றாளாம். பூதம் அதைக் கேட்டு அழுதானாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்கும் அந்த நாளில்.

புது இதழ் வந்திருந்தது. கடைக்குப் போக அவனைக் கூப்பிட அவன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். அவன் சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டே பேசினான், வானிலை பற்றிப் பேசுவது போல.

“மாப்ள, கழுதையைக் கொன்னது நீதானே?”

நான் குனிந்து அவன் செருப்பைத் தேடினேன்.

“பயப்படாத. எனக்குக் கோபமெல்லாம் வந்து போயிடுச்சு. அந்தக் காக்காய்க்காக உன்னைச் சும்மா விட்டுடறேன், அது நல்ல காக்கா. ஆனா கழுதை இருக்கே... டேய், உனக்கு வெள்ளை விடவே தெரியலடா. எல்லாத்தையும் நீயே சொல்லிடற. கேக்கிறவனுக்கு ஒரு இடம் விடணும்.”

“சரி” என்றேன்.

“இந்த மாசம் தங்கச்சி படிச்சுச் சொல்றேன்னா. நீயும் வந்து உக்காரு. இத்தனை வருஷம் உன் வாயை வலிக்க வெச்சுட்டேன். பத்தியில எழுதிடப்போறேன், தப்பு நடந்துடுச்சு, இனிமே வேற கண்ணு வழியா பாக்கறேன்னு. உன் பேரு வராது.”

என் பெயர் வராது. யோசித்துப் பாருங்கள். கதை என்னுடையதாக இருந்தபோதும் வரவில்லை, தப்பு என்னுடையதாக இருக்கும்போதும் வராது. நான் கோபப்படவில்லை. அவன் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.

அந்த லிஃப்ட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுக்கும் இரும்புக் கதவு. என்னோடு வரும்போது அவன் குச்சி எடுத்துக்கொள்ள மாட்டான், என் தோளில் கை வைத்துக்கொள்வான். நான் கதவை இழுப்பேன், “வந்தாச்சு, போ” என்பேன், அவன் கையை எடுத்துவிட்டு முதலில் உள்ளே போவான். வருடக்கணக்கில் அப்படித்தான். அன்றைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கதவில் சிவப்புத் துணி கட்டி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுவிட்டு மெக்கானிக் ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தார். பூட்டு கழற்றப்பட்டிருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை.

ஸ்டூலை நகர்த்தினேன். அவன் தடுக்கி விழக் கூடாது என்றுதான் நகர்த்தினேன் என்று முதலில் உங்கள் ஆளிடம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. ஸ்டூலில் தடுக்கி விழுந்திருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். துணியின் முடிச்சை அவிழ்த்தேன். கதவை இழுத்தேன். பிறகு எதுவும் சொல்லவில்லை.

அவன் கையை எடுத்துவிட்டு நின்றான். “என்னடா, வந்தாச்சா?”

நான் சொல்லவில்லை.

“கோச்சுக்கிட்டியா?” சிரித்தான். சின்ன வயதில் சிரிப்பதுபோலவே, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. “சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. இன்னிக்கும் நீயே படி. அவளை நான் சமாளிச்சுக்கறேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். ஒரு சொல் போதும், நில் என்று. எனக்கும் தோன்றியது. அவன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, கால் இன்னும் எழவில்லை, நேரம் இருந்தது. ஆனால் அந்த மௌனம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதையும் சேர்க்காமல் இருந்தேன். கேட்பவனுக்கு ஓர் இடம் விட்டேன். மிச்சத்தை அவனே போட்டுக்கொண்டான்.

படியில் இறங்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பிரதிகளை எடுத்து வைத்திருந்தார். “பூதம் சார் எங்கே காணோம்?” என்றார். “பின்னாலேயே வரான்” என்றேன். வழக்கம்போல இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் கட்டட வாசலில் கூட்டம். தங்கச்சிக்கு யாரோ சொல்லி, வேலை செய்யும் இடத்தின் பச்சைச் சட்டையோடு ஓடி வந்திருந்தாள். என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். அழவில்லை. “அண்ணா, கதவை யாரு திறந்தா?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் படக்கதை படிக்கத் தெரியாது என்று நான் நினைத்திருந்தது தப்பு.

எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தது நான்தான். உள்ளே லிஃப்ட் இல்லை என்று தெரிந்து திறந்தேன். அவன் போவான் என்று தெரிந்து சும்மா இருந்தேன். உங்கள் படிவத்தில் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு மோசமான விமர்சனம் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பொறாமை என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்கவில்லை. கையெழுத்து எங்கே என்று விரலை வைத்துக் காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அந்த இதழை நான் இன்னும் பிரிக்கவில்லை. அவன் இல்லாமல் முன்னாலேயே பார்த்துவிடுவது எங்களுக்குள் கிடையாது, அதனால் பையிலேயே இருந்தது, நீங்கள்தான் முதலில் பிரித்தீர்கள். இனி என் கண்ணாடி எப்போது திரும்பி வரும் என்று தெரியாது, வந்தாலும் இதழ் உங்கள் சாட்சிப் பொருளாகப் போய்விடும். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள் மேடம். தபால்காரன் பாலத்தைத் தாண்டிவிட்டானா? பக்கத்தில் கழுதை நிற்கிறதா? மூலையில் ஏதாவது இருக்கிறதா, சின்னதாக? கட்டம் கட்டமாகச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. நீங்களாக எதையும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன்.