கடைசிக் கயிறு

— இறங்குடி மாரெட்டா. ஆளில்லாத பாஸ்கெட்பால் அரங்கத்துல ஏணியைப் போட்டுக்கிட்டு தனியா என்ன பண்ற?

— தெரியாத மாதிரி கேக்காத லூயெலா. சாம்பியன் கொடியை இறக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நானே இறக்கிட்டு, சாயந்தர பஸ்ல எங்க ஊரு சலைனாவுக்குப் போயிடறேன். வீட்டோட கிடக்கேன்.

— அதுக்கெல்லாம் இங்க ஆள் இருக்கு.

— தப்பு என்னோடது. விடு.

— என்ன தப்பு? பழைய காலேஜ்ல ஒரு பாடம் பாக்கி வெச்சிட்டு இங்க மாறி வந்த. ஆடலாமான்னு இங்க ஆபீஸ்ல கேட்ட. போய் ஆடும்மான்னாங்க. ஆடின. கேட்டுக்கோ, கேப்டன் சொல்றேன், அது தப்பே இல்ல.

— பாடம் பாக்கி இருக்கிறவ ஆடக் கூடாதுன்னுதானே போன வருஷம் ஜெயிச்சதெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க சங்கத்துல. நாட்டுல இருக்கிற அத்தனை காலேஜையும் தாண்டி ஃபைனல் ஜெயிச்சோம். இப்ப ஒண்ணுமே நடக்கலயாம்.

— தோத்தவங்களுக்காவது கோப்பையைக் குடுத்தாங்களா? அதுவும் இல்ல. அப்ப அன்னைக்கு யாருடி ஜெயிச்சது, பேயா?

— சிரிப்பு காட்டாத. ஏணி ஆடுது.

— கீழ பாரேன்.

— பார்த்தா தலை சுத்தும்னு உனக்குத் தெரியும். முதல்ல ஏணியைப் பிடிக்கச் சொல்லு யாரையாவது.

— பிடிச்சாச்சு. ஃபைனல் அன்னைக்கும் இதே கூத்துதான். ஜெயிச்சதும் கூடையோட வலையை வெட்ட வரிசையா ஏறினோம், ஆளுக்கு ஒரு இழை. நீ கண்ணை மூடிக்கிட்டே போய் கோச்சுக்குன்னு விட்டிருந்த கடைசி இழையில கத்தரியை வெச்ச.

— 'அது என்னோடது, எடு கையை'ன்னு அவங்க போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

— உன் இழை எங்க?

— பைக்குள்ள. கேட்டாலும் குடுக்க மாட்டேன்.

— கொடியை மட்டும் குடுப்பியாக்கும்.

— குடுக்கலன்னா அடுத்த வருஷம் போட்டியில டீமையே சேர்க்க மாட்டாங்களே.

— கொடி இறங்கட்டும். இறக்குன்னுதான் சொன்னாங்க, எப்படின்னு சொல்லல. கேட்டுக்கோ, நம்ம ஆட்டத்துல கத்தரியோட ஏணி ஏறுறது ஜெயிச்சவங்க மட்டும்தான்.

— வெளிய என்ன சத்தம்?

— பேண்டு. டீம் முழுக்க வாசல்ல நிக்குது. எங்கம்மா அண்டா நிறைய பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பும் தட்டுத் தட்டா இனிப்புப் பட்டை ரோலும் கொண்டாந்திருக்கா. கொடி தொங்குற கயிறுகளை இன்னைக்கு வலை மாதிரி வெட்டப் போறோம், ஆளுக்கு ஒண்ணு.

— என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க.

— உன்னை வரிசையில கடைசியா போட்டிருக்கோம். இறங்கு.

— கடைசிக் கயிறு கோச்சுக்குடி. மறுபடி திட்டு வாங்கவா?

— உனக்கு விட்டுக் குடுத்துட்டாங்க.

— பொய். உத்தரவு வந்ததுலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவங்க.

— நீயே கேட்டுக்கோ. நான் கதவுகிட்டதான் நிக்கிறேன், இவ்வளவு நேரமா உன் ஏணியைப் பிடிச்சிருக்கிறது அவங்கதான்.