பச்சை ஒயர்

உங்கள் டியூப்லைட் முனகுகிறது, சார். சோக் போய்விட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள், பெரிய வேலை இல்லை. உங்களுக்குக் கேட்கவில்லையா? எழுதிக்கொண்டிருக்கிற மேடத்துக்கும் கேட்காது என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை, முக்கால்வாசிப் பேருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். என்னிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த இரண்டு காதுகள்தான்.

மாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். என் அக்காவின் கணவர். பேஸ் கிட்டார் வாசிப்பவர். நான்கு தடித்த கம்பிகள். பாட்டில் அது இருப்பது யாருக்கும் தெரியாது. எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு ஒரு கால் உடைந்த நாற்காலி மாதிரி ஆடும். மாமாவின் சத்தம் தனி. பாதி அவர் விரலில் இருந்தது, மீதி அவருடைய ஆம்ப்பில். வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்கு முன்னால் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று, பெயின்ட் உதிர்ந்து எந்த நிறம் என்றே தெரியாமல்.

என் தொழில் அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு நகல் எடுப்பது. நியூரல் கேப்ச்சர் என்பார்கள். பேர்தான் பயமுறுத்தும். கம்ப்யூட்டரிலிருந்து மூன்று நிமிடச் சோதனைச் சத்தம் ஒன்றை ஆம்ப்புக்குள் அனுப்புவேன். இரைச்சல், ஊளை, கொஞ்சம் பேஸ் வாசிப்பு. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கம்ப்யூட்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அதே போலத் தானும் செய்து பார்க்கும், தப்பும், திருத்திக்கொள்ளும், மறுபடி தப்பும். ஆயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு பிழை எண் வரும். அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும்போது, இரண்டு ஆள் தூக்கிய பெட்டி உள்ளங்கையளவு டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மாமா உடனே ஒத்துக்கொண்டார். "எடுத்துக்கோ மச்சான். நகல் எடுத்தா என் சத்தம் என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார். நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

முதல் நாள் ஒரு தொந்தரவு. ஆம்ப்பையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தவுடன் ஒரு முனகல் வந்தது, இதோ உங்கள் டியூப்லைட் மாதிரி. நகலில் அது விழுந்தால் அசிங்கம். அதைத் தடுக்க முறையான பெட்டி ஒன்று உண்டு. அன்று கையில் இல்லை. குறுக்கு வழியும் ஒன்று உண்டு. ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றிவிடுவது. எர்த் ஒயர். பெட்டியின் இரும்பு உடம்பில் கரன்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடுகிற ஒயர். கழற்றினேன், நுனியில் டேப் சுற்றினேன், பிளக்கை மூடித் திருகினேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பின்னும் ஒழுங்காக இருக்கும். முனகல் நின்றது. வேலை முடிந்ததும் பச்சை ஒயரைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்று இந்த வாக்குமூலத்தில் நான் சொல்லப்போவது அது ஒன்றுதான்.

சோதனை வைத்தோம். ரிகர்சல் ரூம் ஒரு செருப்புக் கடைக்குக் கீழே, நிலவறை. சுவரெல்லாம் பழைய கம்பளம், தரை சிமென்ட், எப்போதும் லேசாக ஈரம் பூத்திருக்கும். மாமா வாசிக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலில் தாளம் போட்டால்தான் அவருக்குக் கை ஓடும். நடுவில் ஒரு திரை கட்டினேன். திரைக்குப் பின்னால் நிஜ ஆம்ப்பும் என் டப்பாவும், ஒரே மாதிரி இரண்டு ஸ்பீக்கரில். சுவிட்ச் வைத்து மாற்றலாம். ஆனால் சுவிட்சும் சத்தத்தில் கை வைக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் அவருடைய கேபிளை ஒவ்வொரு முறையும் நானே கையால் பிடுங்கி மாற்றி மாற்றிச் சொருகினேன். என் வேலையில் அவ்வளவு சுத்தம் பார்ப்பேன்.

முதலில் பெடல், அசலும் நகலும் நிஜ ஆம்ப் வழியாகவே. அசல் எது, நகல் எது என்று தெரியாமல் மாமா தலையைச் சொறிந்தார். பத்தில் நான்கு. மாமா குழுவின் டிரம்மர் விசில் அடித்தான். அடுத்து ஆம்ப்.

"இது நிஜம்," என்றார் மாமா. சரி. "இது டப்பா." சரி. "டப்பா. நிஜம். நிஜம். மறுபடி நிஜம், ஏமாத்தப் பாக்கறியா?" பத்துக்குப் பத்து.

"டேய் ஜெராக்ஸ்," என்றான் டிரம்மர். அன்றிலிருந்து என் பேர் அதுதான். அக்கா வீட்டு வாசலில்கூட "ஜெராக்ஸ் வந்தாச்சு" என்றுதான் மாமா வரவேற்பார்.

நான் கோபப்படவில்லை. திரும்பிப் போய் மறுபடி பயிற்சி கொடுத்தேன். அடுத்த சோதனைக்கு, இந்த நகல்களை வெளியிடும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வித்தியாசம் தெரியவில்லை என்று மாமா தன் வாயால் சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும். சொன்னால் உலகம் முழுக்கப் போகும். மூன்று வருட வேலை, சார். அவர் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது.

மாமா பத்துக்குப் பத்து சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நல்ல காப்பிதான் சார். மை கொஞ்சம் கம்மி." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிழை எண்ணை இன்னும் இறக்கினேன். ஒரு கட்டத்துக்கு மேல் அது இறங்க மறுத்தது. இறங்க இடமே இல்லை. என் காதில் வைத்துப் பார்த்தேன், இந்தக் காதில், இரண்டும் ஒன்று. அப்படியானால் மிச்சப் பிழை கம்ப்யூட்டரில் இல்லை. அது அக்கா வீட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். மாமா இல்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அவர் காதை என்னால ஜெயிக்க முடியலக்கா."

அக்கா கையிலிருந்த துண்டைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அவர் காதா? பால்காரர் கேட்டை உடைச்சாக்கூட அந்த மனுஷனுக்குக் கேக்காது. முப்பது வருஷம் ஸ்பீக்கர் முன்னாடி நின்ன காதுடா அது. நான் கத்திக் கத்தியே என் தொண்டை போச்சு."

"பின்னே எப்படிக் கண்டுபிடிக்கிறாரு?"

"சொன்னேன்னு சொல்லிடாதே. கால்லடா. நிஜ ஆம்ப்ல மாட்டினா, கம்பியைத் தொட்டதும் உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி விறுவிறுங்குமாம். உன் டப்பாவில அது இல்லையாம். அதை வச்சுத்தான் உன்னை ஓட்டறாரு. அவனா கண்டுபிடிக்கிற வரைக்கும் விளையாடுவோம்னு தினம் ஒரு சிரிப்பு." பிறகு அவள் முகம் மாறியது. "ஆனா அதென்னடா எறும்பு? எனக்கு என்னமோ பயமா இருக்கு. நீ ஒரு தடவை பார்த்துக் குடுடா."

"பார்த்துக்கறேன்க்கா," என்றேன்.

இதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். தம்பி அப்போதே சரிபார்த்துவிட்டான், அப்படியும் இப்படி ஆகிவிட்டது என்றுதான் இன்றுவரை நம்புகிறாள். போன வாரம் எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்தாள், இஸ்திரி போட்டு.

அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். பச்சை ஒயர் நான் விட்ட இடத்தில், டேப் சுற்றியபடி இருந்தது. மீட்டர் வைத்து அளந்தேன். ஆம்ப்பின் இரும்பு உடம்பில் நாற்பது வோல்ட். உள்ளே ஒரு பழைய கண்டென்சர் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. மாமாவின் கேபிள் வழியாக, கிட்டார் கம்பி வழியாக, விரல் வழியாக, வெறுங்கால் வழியாக ஈரத் தரைக்கு. அதுதான் எறும்பு. என் நகலில் குறை எதுவும் இல்லை. நான் ஒரு வருடம் முன்பே ஜெயித்துவிட்டேன். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒயரை மாட்டப் பத்து நிமிடம் போதும். மாட்டியிருந்தால் எறும்பு போயிருக்கும், மாமாவும் பெடலில் தோற்றது போலத் தோற்றிருப்பார். ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். மாட்டினால் முனகல் திரும்பும். முனகுகிற ஆம்ப் நான் நகல் எடுத்த ஆம்ப் இல்லை. அதை வைத்துச் சோதிப்பது நியாயமில்லை. கம்ப்யூட்டரோடு சேர்க்காதபோது அது முனகாதே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன். முனகாது.

அதற்குப் பதிலாக வாரா வாரம் அளந்தேன். உங்கள் மேஜையில் இருக்கும் நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான். நாற்பது. அறுபத்தைந்து. தொண்ணூறு. மூன்றாவது சோதனை அன்று காலை, யாரும் வருவதற்கு முன் அளந்தது கடைசி வரி. இருநூற்று முப்பது. சுவரில் என்ன இருந்ததோ அது முழுசாகப் பெட்டியின் உடம்பில். கண்டென்சர் செத்துவிட்டது. வேலை என்று வந்தால் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. அதை ஒளித்து வைக்கத் தோன்றவில்லை.

மாமா நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய் விரித்தேன். தடிமனானது, புதிது.

"என்னடா இது?" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"முட்டி வலின்னு அக்கா சொன்னா. மெத்துன்னு இருக்கும் மாமா."

பாயை மிதித்துப் பார்த்தார். "என் மேல இவ்ளோ அக்கறையா? நாளைக்கு மழைதான் பெய்யும் போ."

பாயின் நுனியில் மைக் ஸ்டாண்ட் வைத்தேன், பதிவு செய்ய. பதிலை மைக்கில் சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை, என்னுடையது இல்லை. மைக்கின் இரும்பு வலை சவுண்ட் மிக்சர் வழியாக மண்ணோடு சேர்ந்தது; எல்லா மைக்கும் அப்படித்தான். மாமா மைக்கில் பேசினால் உதடு ஒட்டப் பேசுவார். அது அவருடைய பழக்கம், நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

திரைக்குப் பின்னால் போய்க் கையுறை போட்டேன். டிரம்மர் எட்டிப் பார்த்தான். "என்ன ஜெராக்ஸ், ஆபரேஷனா?"

"தூசி," என்றேன். அவன் டீ வாங்கி வருவதாக மேலே போனான். நிறுவன ஆட்கள் வர இன்னும் அரை மணி இருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

டப்பாவில் சொருகினேன். வாசித்தார். ஆம்ப்பில் சொருகினேன். வாசித்தார். மறுபடி டப்பா. திரையின் இடுக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு குழப்பம். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் பாயை ஒரு தட்டுத் தட்டினார். நான் மறுபடி ஆம்ப்பில் சொருகினேன். அதே கீழ் சுரத்தை மூன்று தடவை வாசித்தார். அறை முழுக்க அது நின்றது. நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான், சார். எது அசல் எது நகல் என்று எனக்கே கை சொன்னதே தவிரக் காது சொல்லவில்லை.

மாமா வாசிப்பதை நிறுத்தினார். கம்பி மேல் கை அப்படியே இருந்தது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மெதுவாக, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி. "ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். தோத்துட்டேன்டா. ஜெயிச்சுட்டே."

மூன்று வருடமாக நான் காத்திருந்த வாக்கியம். கேபிளின் முனை என் கையில்தான் இருந்தது. இழுத்தால் வந்துவிடும். சுவர் சுவிட்ச்கூட முழங்கைக்குப் பக்கத்தில்.

அவர் சொன்னது பதிவாகியிருக்காது என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. அந்தக் கோப்பும் உங்களிடம் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். அதில் "ரெண்" வரைக்கும் இருக்கும். அது போதும் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் நினைவாக அடுத்த மாதம் வெளியிடுகிறார்கள். இறந்தவரிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. ஆம்ப் எரிந்துவிட்டது. இனி அந்தச் சத்தம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, ஒரு சொட்டுக் குறையாமல். அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை.

விபத்து என்று முதலில் சொன்னேன். அது பொய் என்று நான் இன்னும் நினைக்கவில்லை. ஒரு ஒயரை மாட்டவில்லை, ஒரு பாய் விரித்தேன், ஒரு மைக் வைத்தேன். எது குற்றம் என்று நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பொய் என்று பார்த்தால், அந்த அறையில் நான் அவரிடம் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரைக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன்: "கேக்கலை மாமா. மைக்குக்கிட்ட வந்து சொல்லுங்க."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.