சாக மறுத்த நோயாளி சேஷாத்ரி அவர்களுக்கு

‘வழி விடுங்கோ’ தொலைக்காட்சி நாடகக் குழுவினர், சிட்னியின் டூங்கபி சமூக மண்டபத்தில் நடந்த பிரியாவிடை விழாவில் வாசித்தளித்த மடல்

அன்பையும் அடக்கத்தையும் அணிகலனாய்க் கொண்ட அண்ணலே, நோயொன்றும் இல்லாமலே எங்களுக்காக நூறு நோய் கண்ட நல்லவரே, படுத்துக் கிடந்தே பார்ப்போர் நெஞ்சில் எழுந்து நின்ற பெருந்தகையே, திருச்சியில் பிறந்து நார்த்மீட்டில் வாழ்ந்து எங்கள் எல்லோர் வீட்டுக்கும் உறவாகிப்போனவரே, கிரிஜா அம்மையாரின் கைப்பிடித்த கண்ணியரே, சேஷாத்ரி ஐயா அவர்களே, வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு முறைப்படி வசனம் எழுதும் பத்மாவுக்கே உரியது. அவரோ, “வசனம் கேட்டால் எழுதித் தருவன். அவரின்ர முகத்தைக் கிட்ட நிண்டு பார்த்தது விமலாதேவி அக்கா. அவவே எழுதட்டும்” என்று ஒப்பனைக்காரியான என் தலையில் கட்டிவிட்டார். எட்டாண்டுகளாய் உங்கள் மேலுதட்டில் மீசையை ஒட்டியும் உரித்தும், கன்னம் குழிவிழச் சாம்பல்நிறம் பூசியும், காய்ச்சல் வியர்வைக்குக் கிளிசரின் தெளித்தும் பழகிய கை இது. மாலை கட்டத் தெரியாத கை. மலர்களில் சில உதிர்ந்தால் மன்னித்தருள வேண்டும்.

எங்கள் நாடகத்தைப் பார்த்திராதவர்களும் இச்சபையில் இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மேற்கு சிட்னியில் ஒற்றை வண்டியை வைத்துத் தனியார் ஆம்புலன்ஸ் நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை அது. வண்டியை ஓட்டுபவள் தவமணி என்னும் தாய். அந்தத் தவமணியாக நடிப்பவர், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சிவனேஸ்வரி. குடும்பம் ஒன்று, வண்டி ஒன்று, ஆனால் நோயாளி மட்டும் கிழமைக்கு ஒருவர் வேண்டும். அத்தனை நோயாளியும் நீங்கள் ஒருவரே.

நீங்கள் முதன்முதலாகச் செவன் ஹில்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்கு வந்தது, தவமணியின் தமையன் வேடத்துக்கு. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்று, கொடுத்த வசனத்தைக் கணீரென்று படித்தீர்கள். இயக்குநர் சிறிதரன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “அங்கிள், உங்கட தமிழ் நல்ல வடிவான தமிழ். ஆனால் இது யாழ்ப்பாணக் குடும்பம். நீங்கள் வாய் திறந்தால் கதை திருச்சிக்குப் போயிடும்.”

வேறொருவராக இருந்தால் முகம் வாடி வீடு திரும்பியிருப்பார். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

“வாயே திறக்காத வேஷம் ஏதாவது இருக்காப்பா?”

“இருக்கு. ஆனால் படுக்க வேணும்.”

“பேஷாப் படுக்கறேன்.”

அன்று படுத்தவர்தாம். இடுப்பெலும்பு முறிந்த பெரியவராய், மாவுக்கட்டுப் போட்ட பேருந்து ஓட்டுநராய், மணவறையில் மயங்கி விழுந்த மாப்பிள்ளையின் தகப்பனாய், ஒருமுறை முகக்கவசத்துக்கும் பொய்முடிக்கும் இடையே ஒளிந்துகொண்டு மூதாட்டியாய், எத்தனை பிறவி எடுத்தீர்கள். நீங்கள் திரையில் மயங்கியதைப் பார்த்துவிட்டு, டூங்கபி மரக்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் கிரிஜா அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கண் கலங்கியதும், அம்மையார் சற்றும் தயங்காமல், “பரவாயில்லை, காலையில நாலு இட்லி சாப்பிட்டார்” என்று தேற்றி அனுப்பியதும் எங்கள் குழுவின் தீராத கதைகள்.

உங்கள் குறைகளையும் சொல்லாமல் விடமுடியாது. நோயாளியின் தலைமாட்டில் வைக்க வாங்கிய ஆப்பிளைக் காட்சி தொடங்குமுன்னே கடித்துவிடுவீர்கள். தேநீர் ஆறியிருந்தால் கோமாவில் கிடக்கும் நோயாளியாய் இருந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து முறையிடுவீர்கள். அப்படியொரு கோமாக் காட்சியில் உண்மையாகவே உறங்கிக் குறட்டை விட்டபோது, சிவனேஸ்வரி படப்பிடிப்பை நிறுத்தவிடாமல், “மூச்சு நல்லா வருது, பயமில்லை” என்று உறவினர் பக்கம் திரும்பிச் சொன்னதும், அந்தக் குறட்டையோடே அது ஒளிபரப்பானதும் நாடறியும்.

இவ்வளவும் சிரிப்போடு சொன்னேன். இனிச் சொல்லப்போவதைச் சிவனேஸ்வரியின் சம்மதம் பெற்றே சொல்கிறேன். “சொல்லுங்கோ அக்கா. அது சொல்லாமல் அவருக்கு என்ன மடல்?” என்றார் அவர்.

சிவனேஸ்வரியின் கணவர் யோகா, நடிகரும் அல்லர், தொழில்நுட்பக்காரரும் அல்லர். மனைவியை அழைத்து வருவார், கேபிள் சுருட்டுவார், வண்டி ஓடுவதுபோலத் தோன்றுவதற்கு வெளியே நின்று அதைப் பிடித்து ஆட்டுவார். மூன்றாண்டுக்கு முன் ஒரு குளிர்காலக் காலையில், வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் விரைந்து வந்தது, வந்தவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். மருத்துவமனை வாசலுக்குப் போகுமுன்னே, வண்டிக்குள், சிவனேஸ்வரி கையைப் பிடித்திருக்கையிலேயே யோகா போய்விட்டார்.

அதன்பின் சிவனேஸ்வரி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தவமணி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கதையை ஓட்டினோம். தவமணி இல்லாத வண்டி எத்தனை காலம் ஓடும். நாயகி திரும்பாவிட்டால் அந்த ஆண்டோடு நாடகத்தை நிறுத்திவிடலாம் என்று தொலைக்காட்சியார் சொல்லிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவனேஸ்வரி தாமாகவே வந்து என் கண்ணாடி முன் உட்கார்ந்தார்.

அன்று எடுக்க இருந்த காட்சி முன்பே எழுதி வைத்தது. ஆளாதரவற்ற ஒரு முதியவரை மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும் வழியில், தவமணி கையைப் பிடித்திருக்க, அவர் உயிர் பிரிகிறது. சிறிதரன் பதறிப்போய், “அக்கா, இதை இண்டைக்கு விடுவம். வேற காட்சி எடுப்பம்” என்றார். சிவனேஸ்வரி கேட்கவில்லை. “எழுதினபடியே எடுங்கோ. நான் நடிக்க வந்தனான். ஒருத்தரும் என்னைப் பார்த்துப் பாவப்படத் தேவையில்லை” என்றார்.

நீங்கள் வழக்கம்போல் படுத்தீர்கள். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். கமெரா ஓடத் தொடங்கியது. சிவனேஸ்வரி உங்கள் கையைப் பிடித்தார். “ஐயா, என்னைப் பாருங்கோ” என்பது வசனம். அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“யோகா, என்னைப் பாருங்கோ. யோகா.”

நிறுத்தச் சொல்லவேண்டிய சிறிதரன் அதை மறந்தார். வசனத்தாளைப் பிடித்திருந்த பத்மா முகத்தை மூடிக்கொண்டார். சிவனேஸ்வரி அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, உங்கள் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாண்டு காலம் கண்மூடி வாய்மூடிக் கிடந்த ஐயா, அப்போது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

“பாத்துண்டுதாம்மா இருக்கேன்” என்றீர்கள். “நான் எங்கயும் போகலை. நீ அழறதுன்னா அழு.”

அதுவரை இறுதிச் சடங்கில்கூட அழாத சிவனேஸ்வரி, உங்கள் போர்வையில் முகம் புதைத்து அழுதார். நீங்கள் எழுந்திருக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. ஒலிவாங்கி பிடித்திருந்தவர் கை வலித்து அதைக் கீழே வைத்தார், விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தோம். அவர் அழுது முடிக்கும்வரை அந்த ஒடுங்கிய படுக்கையில் அப்படியே கிடந்தீர்கள்.

பிறகு தேநீர் வேளையில் சிறிதரன் தயங்கித் தயங்கி உங்களிடம் வந்தார்.

“அங்கிள், குறை நினைக்கப்படாது. இந்தக் காட்சியில நீங்கள் சாகவேணும்.”

“தெரியும்பா. நீ சொன்னப்பல்லாம் செத்துக் காட்டியிருக்கேன். இது மட்டும் முடியாது.”

“சரி, அடுத்த கிழமை எடுப்பம்.”

“அடுத்த வாரமும் முடியாது. இந்தக் கிழவன் பொழச்சுக்கட்டும்.”

“பிழைச்சால் எங்க போறது? அவருக்கு வீடும் இல்லை, ஆக்களும் இல்லை எண்டெல்லோ எழுதியிருக்கு.”

நீங்கள் பதில் சொல்லுமுன்னே, வண்டிக்குள்ளிருந்து சிவனேஸ்வரியின் குரல் வந்தது.

“எங்கட வீட்டை வரட்டும்.”

அது தவமணியின் வீடா, தம்முடைய வீடா என்று எவரும் கேட்கவில்லை. பத்மா பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். கமெராவில் பதிந்ததை என்ன செய்வது என்று சிறிதரன் கேட்டபோது, “அது நாடகம் இல்லை, சிறி. அழிச்சுவிடுங்கோ” என்றார் சிவனேஸ்வரி. அவர் கண்முன்னே அது அழிக்கப்பட்டது. அடுத்த கிழமை புதிதாய் எடுத்த காட்சியில் நோயாளி பிழைத்தார், மருத்துவமனையிலிருந்து தவமணி வீட்டுக்கு வந்தார், ‘திருச்சி ஐயா’ ஆனார். அதன்பின்னும், முகத்தை மறைத்துக்கொண்டு மற்ற நோயாளிகளாய்ப் படுப்பதை நீங்கள் விடவில்லை.

பேசாதிருந்த வாய்க்குப் பேசக் கிடைத்ததும் என்னவெல்லாம் பேசினீர்கள். தேங்காய்ப்பாலில் வைத்த சொதியைப் பார்த்து, “இது மோர்க்குழம்புக்கு அத்தை பொண்ணா?” என்று கேட்டீர்கள். தவமணியின் மகன் ஆமாம் என்பதற்கு “ஓம்” என்று சொல்லும்போதெல்லாம், மந்திரம் கேட்டவர்போல் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். யாழ்ப்பாணத் தமிழ் விளங்காது என்று ஒதுங்கியிருந்த தமிழ்நாட்டுக்காரர்களின் நார்த்மீட் வீடுகளும் மெல்பேர்னின் பொயிண்ட் குக் வீடுகளும் உங்களைப் பார்ப்பதற்கென்றே எங்கள் நாடகத்துக்குள் வந்தன. நிறுத்தப்பட இருந்த நாடகம் இன்றும் நடக்கிறது.

திரைக்கு வெளியே நீங்கள் செய்ததையும் சொல்லவேண்டும். தவமணி மேற்கு சிட்னி முழுவதும் வண்டி விரட்டுவாள். சிவனேஸ்வரிக்கோ வண்டி ஓட்டவே தெரியாது. அந்த ஞாயிறு டாக்ஸியில் வந்தவர், அடுத்த கிழமை படப்பிடிப்புக்கு எப்படி வருவது என்று யோசிக்குமுன்னே, நீங்களும் கிரிஜா அம்மையாரும் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தீர்கள். அன்றுமுதல் இன்றுவரை ஒரு கிழமையும் தவறியதில்லை. மழையோ வெயிலோ, கிரிஜா அம்மையார் சிவனேஸ்வரிக்கென்று தனியாக ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவராத நாளும் இல்லை.

இப்போது மெல்பேர்னுக்குப் போகிறீர்கள். மகள் ஹரிப்பிரியா பொயிண்ட் குக்கில் தம் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே உங்களுக்கு வீடு பார்த்திருக்கிறார். உங்கள் முதுகோ, அந்த ஒடுங்கிய படுக்கையில் இனிப் படுக்கவே கூடாது என்று மருத்துவரைச் சொல்லவைத்துவிட்டது. போகிற முடிவை எங்களிடம் சொன்ன அன்றே, என்னை ஓரமாய் அழைத்து, “சிவனேஸ்வரியை இனிமே யார் கூட்டிண்டு வருவா? நீங்க பாத்துக்கறேளா? வெளியில சொல்ல வேண்டாம்” என்று கேட்டீர்கள். இதே ரகசியத்தைச் சிறிதரனிடமும் பத்மாவிடமும் விளக்குப் பிடிப்பவரிடமும் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள் என்பது மறுநாளே தெரிந்துபோயிற்று. எல்லோருமே சரியென்று சொல்லியிருந்தோம்.

பெருமதிப்புக்குரிய ஐயா, பட்டுச்சால்வையும் பாராட்டுரையும் உங்களுக்கு ஈடாகா. புதிய ஊரில் புலரும் பொழுதெல்லாம் உங்களுக்குப் புத்துணர்வைத் தரட்டும். பேரப்பிள்ளைகளின் பேச்சும் சிரிப்பும் உங்கள் பகலை நிறைக்கட்டும். சூடான தேநீரும் சுகமான உறக்கமும் உங்களை நீங்காதிருக்கட்டும். கிரிஜா அம்மையாரும் நீங்களும் நெடுங்காலம் நடமாடி நலமோடு வாழ, எந்த ஆம்புலன்சும் உங்கள் வீட்டு வாசலில் நில்லாமல் கடந்து போகட்டும் என்று ஒரே குரலில் வேண்டுகிறோம்.

இம்மடலில் கடைசியாக ஒரு செய்தியைச் சேர்க்கும்படி சிவனேஸ்வரி கேட்டிருந்தார். இது உங்களுக்குத் தெரியாது, கிரிஜா அம்மையாருக்கு மட்டுமே தெரியும். சென்ற ஆண்டிலிருந்து அவர் கார் ஓட்டப் பழகிவந்தார். இருமுறை பரீட்சையில் தோற்றார். மூன்றாம் முறை, போன செவ்வாய்க்கிழமை, தேறிவிட்டார். யோகாவின் கார் இப்போது மண்டபத்துக்கு வெளியே நிற்கிறது. அதை இங்கே ஓட்டி வந்தவர் அவரே. சனிக்கிழமை உங்களையும் அம்மையாரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடப்போகிறவரும் அவரே. அவர் சொல்லச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“சேஷாத்ரி அண்ணை, டாக்ஸிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. சனிக்கிழமை காலமை நான் வாறன். பயப்பிடாதேங்கோ, மெதுவாத்தான் ஓடுவன்.”

உங்கள் அன்பை மறவாத,
‘வழி விடுங்கோ’ நாடகக் குழுவினர் அனைவரின் சார்பில்
விமலாதேவி, ஒப்பனை
டூங்கபி, சிட்னி